மாற்கு ஆலயத்துச் சுவரில் யார் பெயர்?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்ரீயை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன தவணையில் என் வகுப்புப் பிள்ளைகளை நகரத்தில் உள்ள புனித மாற்கு ஆலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாம் எல்லாரும் ஆயிரம் தடவை கடந்து போகும் கட்டடம்தான். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் குறைவு. "முஸ்லிம் வாத்தியார், தோட்டத்துப் பிள்ளைகள், சேர்ச்சுக்கு வரலாற்றுப் பாடமா?" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சிரித்தார். முதியங்கனை விகாரைக்கும் இப்படித்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஊரைப் படிக்கப் போகிறவன் ஊரில் பாதியை விட்டுவிட்டுப் படிக்க முடியாது.

உள்ளே ஒரு கற்பலகை இருக்கிறது. ஆங்கிலத்தில் இருப்பதை நான் தமிழில் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். விஷயம் இதுதான். கடவுளின் மகிமைக்காகவும், இலங்கை ரைபிள் படைப்பிரிவின் மேஜரும் பதுளையின் உதவி அரசாங்க அதிபரும் மாவட்ட நீதிபதியுமாக இருந்த தோமஸ் வில்லியம் ரொஜர்ஸின் நினைவாகவும் எழுப்பப்பட்ட ஆலயம். எழுப்பியவர்கள் அவருடைய நண்பர்கள், அயலவர்கள், அவரைப் போற்றியவர்கள், அதுவும் எல்லா வகுப்பினரும். அவர் 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். வயது 41. கீழே அடக்க ஆராதனையில் சொல்லப்படும் ஒரு வரி.

எழுதி முடித்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "எல்லா வகுப்பினரும்னு போட்டிருக்கே சேர், எங்க ஆளுங்க பேரு எங்கயாவது இருக்கா?"

நான் பலகையைத் திரும்பப் பார்த்தேன். அவர்களுடைய ஆட்கள் பெயரும் இல்லை, என்னுடைய ஆட்கள் பெயரும் இல்லை. கொடுத்தவர்கள் யாருடைய பெயருமே இல்லை. பலகையில் உள்ள ஒரே பெயர் மேஜருடையது. அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இந்தப் பதிவு அதற்காகத்தான்.

முதலில் மேஜர் ரொஜர்ஸ் யார் என்று பார்த்துவிடுவோம். நம் ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லாம் யானைக் கதையால்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அவர் 1400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்பட்டது. 1859இல் இலங்கை பற்றிப் பெரிய நூல் எழுதிய எமர்சன் டெனன்ட்டும் இந்த எண்ணிக்கையைக் குறிப்பிடுகிறார். அந்த எண் சரியா பிழையா என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்கப் போவதில்லை. என் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரப் பொடியன் ஒருவன் உடனே சொன்னான்: "பொறந்த நாள்ல இருந்து சுட்டிருந்தாலும் வருசத்துக்கு 34 யானை வருது சேர்." அவ்வளவு பேர் வியக்கும் அளவுக்கு அன்றைக்கு அது வீரம். தந்தம் விற்ற காசில்தான் பதவி உயர்வுகளை வாங்கினார் என்றும் சொல்வார்கள். அந்தக் காலத்துப் பிரித்தானியப் படையில் அதிகாரிப் பதவியைக் காசு கொடுத்து வாங்கும் முறை இருந்தது என்பது மட்டும் உண்மை.

ரொஜர்ஸ் ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியில்லை. யானையைக் கொன்றால் தலைக்குச் சில ஷில்லிங் என்று அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகளுக்கு இந்தக் காசு கொடுக்கப்பட்டதாக டெனன்ட் எழுதுகிறார். காடு வெட்டிக் கோப்பி போட வேண்டும், யானை இடைஞ்சல். இன்றைக்கு யானை வேலிக்கும் ரயிலில் அடிபடும் யானைக்கும் கண்ணீர் விடுகிறோமே, கணக்கு அங்கே தொடங்குகிறது.

அப்புத்தளையில் நடந்தது பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை, இடிமழை ஓய்ந்ததா என்று பார்க்க மேஜர் விறாந்தைக்கு வந்தார், அந்த நேரம் மின்னல் விழுந்தது என்பது. உடல் நுவரெலியாவில் பழைய மயானத்தில் அடக்கப்பட்டது. அந்தக் கல்லறைக் கல்லும் வெடித்துப் பிளந்துபோய்க் கிடக்கிறது. அதன்மேலும் மின்னல் விழுந்தது, ஒரு தடவை அல்ல, பல தடவை என்பது மலையகம் முழுக்க உள்ள கதை. யானைகளின் சாபம் என்பார்கள். எனக்குச் சாபத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் துப்பாக்கிக்கு எதிராக ஒன்றும் செய்ய முடியாத ஒரு சனம் தன் நியாயத்தை இப்படி ஒரு கதையாகச் சொல்லி வைத்தது என்று மட்டும் நினைக்கிறேன்.

பதுளையில் ஆங்கிலத்தில் பெயர் வெட்டிய கல் இது முதலாவதும் அல்ல. 1817இல் இங்கே இருந்த பிரித்தானிய அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சனின் மனைவி சோபியா இறந்துபோனார். அவருடைய கல்லறையை ஓர் அரசமரம் வேரும் அடிமரமுமாக அணைத்து மூடிக்கொண்டது. அதே வருடம் சில மாதத்தில் வில்சனும் ஊவாக் கிளர்ச்சியில் கொல்லப்பட்டார். அவருக்கு முன்னால் அனுப்பப்பட்டுப் பிடிபட்டுக் கொல்லப்பட்டவர் வெல்லஸ்ஸவின் முஸ்லிம்களுக்கு ஆங்கிலேயர் முஹாந்திரமாக நியமித்த ஹாஜி மரைக்கார். அவருக்குக் கொடுத்த பதவிதான் ஊவாப் பிரதானிகளின் கோபத்துக்கு ஒரு காரணம். வில்சனின் மனைவிக்குக் கல் இருக்கிறது. ஹாஜிக்குக் கல் எதையும் நான் பார்த்ததில்லை. கிளர்ச்சியை அடக்கும்போது எரிக்கப்பட்ட வீடுகளும் அழிக்கப்பட்ட வயல்களும் யாருடையவை என்று எந்தக் கல்லும் சொல்லாது. ரொஜர்ஸ் வந்து ஆண்ட ஊவா அந்தச் சாம்பலில் இருந்து எழும்பிக்கொண்டிருந்த ஊவாதான்.

இனிக் கட்டடத்துக்கு வருவோம்.

பிள்ளைகளிடம் நான் சொன்னது, "நீங்கள் பார்ப்பது 1857இல் கட்டி முடித்த கட்டடம். ஆனால் அதன் உருவம் அதைவிடப் பல நூறு வருடம் பழையது" என்று. ரொஜர்ஸ் இறந்த அதே 1845இல்தான் கொழும்புக்கு முதலாவது அங்கிலிக்கன் பேராயராக ஜேம்ஸ் சாப்மன் நியமிக்கப்பட்டு வந்தார். சென் தோமஸ் கல்லூரியைத் தொடக்கியவர் அவர்தான். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பெரிய அலை. இயந்திரமும் புகையுமாக ஊர்கள் மாறிக்கொண்டிருந்தபோது, கோவில் கட்டுவதென்றால் மத்திய காலத்துக் கிராமக் கோவிலைப்போலத்தான் கட்ட வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 1839இல் கேம்பிரிட்ஜில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். நியூசிலாந்தில் கட்டுவதாக இருந்தாலும் சரி, இலங்கையில் கட்டுவதாக இருந்தாலும் சரி, 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கிராமத்தின் அச்சுத்தான் சரியான அச்சு என்பது அவர்கள் வாதம். குளிருக்கும் பனிக்கும் உருவான ஒரு வடிவம் நம் மலைகளுக்கு வந்தது அப்படித்தான். துரைமாருக்கு அது இறைவழிபாட்டு இடம் மட்டுமல்ல, வீட்டு ஏக்கத்துக்கு மருந்தும்கூட. நுவரெலியா, டிக்கோயா, அப்புத்தளை, பண்டாரவளை என்று எந்தப் பழைய தோட்டத்துக் கோவிலைப் பார்த்தாலும் அந்த ஏக்கம் தெரியும்.

அந்த அச்சில் இரண்டு பகுதிகள் முக்கியம். சனங்கள் இருக்கும் நீளக் கூடம் ஒன்று. அதற்கு அப்பால், பீடம் இருக்கும் குருவின் பகுதி மற்றது. மத்திய கால இங்கிலாந்தில் பீடம் கிழக்குப் பக்கம் இருப்பது வழக்கம். "கிப்லா மாதிரியா சேர்?" என்று என் சமூகத்துப் பிள்ளை ஒருவன் கேட்டான். கிட்டத்தட்ட, ஆனால் அதே அல்ல. நமக்குத் திசை ஓர் இடத்தை நோக்கியது, உலகத்தில் எங்கே நின்றாலும் மக்காவை நோக்கித் திரும்புவோம். அவர்களுக்கு அது சூரியன் உதிக்கும் பக்கம்.

கூர்முனை வளைவு பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வளைவைப் பார்த்ததும் "சேர்ச் வளைவு" என்றுதான் எல்லாரும் சொல்வோம். கெய்ரோவில் 879இல் கட்டி முடித்த இப்னு தூலூன் பள்ளிவாசலில் அதே கூர்முனை வளைவு வரிசை வரிசையாக நிற்கிறது. ஐரோப்பியக் கோவில்கள் அதை எடுத்தது அதற்கு இருநூறு வருடங்களுக்கும் பிந்தி. லண்டன் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னே இந்தப் பாணியைச் சரசெனியர் பாணி, அதாவது முஸ்லிம்களின் பாணி, என்று அழைக்கவேண்டும் என்றவர். பெருமையடிக்க இதைச் சொல்லவில்லை. பதுளையில் ஒரு முஸ்லிம் வாத்தியார் அந்நியமான இடத்துக்குப் போனதாக நினைத்து வாசலில் தயங்கி நின்றபோது, தலைக்கு மேலே இருந்த வளைவு கொஞ்சம் சொந்தக்காரனாகத் தெரிந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு.

மத்திய கால இங்கிலாந்தில் ஒரு கிராமக் கோவிலை யார் பராமரிப்பது என்பதற்கு 13ஆம் நூற்றாண்டிலேயே தெளிவான சட்டம் இருந்தது. பீடப்பகுதியின் கூரை ஒழுகினால் குரு பொறுப்பு. நீளக் கூடத்தின் கூரை ஒழுகினால் ஊர்ச் சனம் பொறுப்பு. இதற்காக ஊரில் இருந்தே பொறுப்பாளர்களைத் தெரிவு செய்தார்கள், அவர்கள் வரவு செலவுக் கணக்கு எழுதினார்கள். அந்தக் கணக்குப் புத்தகங்கள் சில இன்றைக்கும் இருக்கின்றன. ஒருத்தி சாகும்போது ஓர் ஆட்டைக் கோவிலுக்கு எழுதிவைப்பாள். இன்னொருவன் மெழுகுதிரிக்காகத் தேன்கூட்டை. நம் பள்ளிவாசல்களில் தேங்காய், கோழி கொண்டுவந்து ஏலம் விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள், கோவில் திருவிழாவில் உபயம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே மனுசர்கள்தான்.

அவர்களிடம் இன்னொன்றும் இருந்தது. பெயர்ப்பட்டியல். கோவிலுக்குக் கொடுத்துவிட்டு இறந்துபோன எல்லாருடைய பெயர்களையும் ஒரு சுருளில் எழுதி வைப்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஊர் முழுக்கக் கூடியிருக்க, குரு மேடையில் நின்று அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பார். பெரிய நிலக்காரன் பெயரும் வரும். சில பென்ஸ் காசு கொடுத்த கிழவியின் பெயரும் வரும். ஒவ்வொரு பெயருக்கும் ஊர் துஆ கேட்கும், அதாவது மன்றாடும். பாட்டன் பெயர் வரும்போது பேரன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருப்பான். 1540களில் மதச் சீர்திருத்தம் வந்து, இறந்தவர்களுக்காக மன்றாடுவது பிழை என்று ஆனதும் அந்த வாசிப்பும் நின்றுபோனது. மதத்தில் எது சரி என்பது அவர்கள் விஷயம். வரலாற்று வாத்தியாராக நான் கவனிப்பது ஒன்றைத்தான். சாதாரண சனத்தின் பெயர் வருடா வருடம் உரத்துச் சொல்லப்பட்ட ஒரு வழக்கம் அதோடு இல்லாமல் போனது.

பெயரில்லாதவர்களும் சில நேரம் சுவரில் எழுதியிருக்கிறார்கள். ஹெர்ட்போர்ட்ஷயரில் அஷ்வெல் என்ற கிராமத்துக் கோவில் கோபுரச் சுவரில் யாரோ ஒருவர் கூரான எதனாலோ இலத்தீனில் கீறி வைத்திருக்கிறார். கொள்ளைநோய் வந்தது, எஞ்சிய சனம் பரிதாபமான சனம், அதற்குப் பிறகு 1361இல் பெருங்காற்று வந்தது என்று. கீறியவர் யார் என்று தெரியாது. கல்வெட்டுக்குக் காசு கொடுக்கக்கூடிய ஆளாக இருந்திருந்தால் ஆணியால் கீறியிருக்க மாட்டார். ஆனாலும் அறுநூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு பதுளையில் நாம் அதைப்பற்றிக் கதைக்கிறோம். இடிமழையால் பெயர் பெற்ற நம் மேஜரைப்போல அங்கேயும் ஒரு புயல். வித்தியாசம் என்னவென்றால் அங்கே புயலைப் பற்றி எழுதியவர் தன் ஊர்ச் சனத்தைப் பற்றியும் எழுதினார்.

ஆக, துரைமார் இங்கே கொண்டுவந்தது மத்திய காலக் கோவிலின் வளைவை, கூரையை, இரண்டு பகுதியாக உள்ள அமைப்பை. பெயர்ச் சுருளைக் கொண்டுவரவில்லை. "எல்லா வகுப்பினரும்" என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டார்கள். அந்தச் சொல் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ரொஜர்ஸ் பாதை போட்டவர், வழக்குத் தீர்த்தவர். சிங்களக் கிராமத்தவரும் நகரத்துக் கடைக்காரர்களும் மனமறிந்து கொடுத்திருக்கலாம். ஆனால் 1857இல் பதுளையைச் சுற்றிக் கோப்பித் தோட்டம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் உரித்துக் காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்குரிய காணியாகி, துரைமாருக்கு விற்கப்பட்டிருந்தது. அந்தக் காட்டை வெட்டியது தென்னிந்தியாவில் இருந்து கடல் தாண்டி, மன்னாரில் இருந்து நடந்தே மலையேறி வந்த சனம். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. ஆலயத்துக்கு விழுந்த ஒவ்வொரு சதத்துக்குப் பின்னாலும் கோப்பி இருந்தது. கோப்பிக்குப் பின்னால் இவர்கள் இருந்தார்கள்.

நியாயமாக இதையும் சொல்லவேண்டும். அதே 1850களின் நடுப்பகுதியில், துரைமார் சிலரும் சர்ச் மிஷனரி சங்கமும் சேர்ந்து தோட்டத் தமிழருக்கென்று ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். அதன் ஆரம்பப் பெயர் "தமிழ்க் கூலி மிஷன்". பெயரைப் பார்த்தே அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ளலாம். பிறகுதான் "கூலி"யை எடுத்துவிட்டுத் தமிழ்த் திருச்சபை மிஷன் ஆக்கினார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்த உபதேசிமார் லயம் லயமாக நடந்தார்கள், சில தோட்டங்களில் முதன்முதலாக எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவர்கள்தான். மதம் மாற்றத்தான் வந்தார்கள் என்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் தமிழில் பெயரைக் கேட்டுத் தமிழில் எழுதியவர்கள் அவர்கள் என்பதையும் மறைக்கக்கூடாது.

பெயர் எழுதுவது சின்ன விஷயம் அல்ல. இங்கிலாந்தில் 1538இல், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல் ஒரு கட்டளை போட்டார். ஒவ்வொரு கிராமக் கோவிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் புத்தகத்தில் பதியவேண்டும் என்று. வரி போடத்தான் இந்த வேலை என்று சனம் பயந்தது. ஆனால் அந்தப் புத்தகங்களால்தான் இன்றைக்கு ஒரு சாதாரண ஆங்கிலேயன் தன் பரம்பரையை பத்துப் பன்னிரண்டு தலைமுறைக்குப் பின்னோக்கிச் சொல்கிறான்.

தோட்டத்தில் நம் சனத்தின் பெயர் எங்கே இருந்தது? செக்ரோலில். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் வாசிப்பார்கள், நின்றவனுக்கு அன்றைக்குப் பேர் விழும், நிற்காதவனுக்கு இல்லை. நூற்றைம்பது வருடமாக ஒவ்வொரு நாள் விடியலிலும் நம் மலைகளில் சத்தமாகப் பெயர் வாசித்திருக்கிறார்கள். அது நினைவுக்காக அல்ல, கணக்குக்காக. எழுதிய கிளாக்கருக்குக் கேட்டபடி பெயர். ஒரே ஆள் ஒரு தோட்டத்தில் ஒரு பெயர், அடுத்த தோட்டத்தில் இன்னொரு பெயர்.

அது எவ்வளவு ஆபத்து என்று 1948இல் தெரிந்தது. அந்த வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டம், நீ இங்கே பிறந்தால் மட்டும் போதாது, உன் தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத லயத்தில் பூட்டனின் தாளுக்கு எங்கே போவது? 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் 1951 ஓகஸ்ட் வரை விண்ணப்பிக்க விட்டார்கள். 8 இலட்சத்துக்கும் கூடுதலானோருக்கு விண்ணப்பம் போனது. கடைசியில் கிடைத்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை மேசையில் வைத்துப் பிரித்தார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் அங்கே, 3 இலட்சம் இங்கே, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பிறகு பார்ப்போம் என்று. பசறையிலும் லுணுகலையிலும் தெமோதரையிலும் அப்படிப் பிரிந்து ரயிலேறிய குடும்பங்களின் கதை உங்கள் வீட்டிலேயே இருக்கும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இது முடியவில்லை.

இது தோட்டத் தமிழரின் கதை மட்டும் என்று என் சமூகத்தவர் நினைக்கவேண்டாம். சட்டத்தின் பெயரிலேயே "பாகிஸ்தானிய" என்று இருக்கிறது. என் வாப்பாவின் வாப்பா காயல்பட்டினத்தில் இருந்து வந்து பதுளையில் கடையில் நின்றவர். அவரிடம் மூன்று தாள் இருந்தது, மூன்றிலும் அவர் பெயரின் முதல் எழுத்து வேறு வேறு. அவர் ஏறி இறங்கிய ஓர் அலுவலகத்தில், "இந்த மூன்று பேரில் நீ யார்?" என்று கேட்டார்களாம். வீட்டில் இதை ஒரு பகிடியாகத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு வாப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசமாட்டார்.

அதனால்தான் பின்வரிசைப் பிள்ளையின் கேள்வி என்னை விடவில்லை. சுவரில் பெயர் இல்லாவிட்டால் போகட்டும் என்று விடலாம். ஆனால் பெயர் ஒரு தாளிலும் இல்லாத சனத்துக்கு என்ன நடக்கும் என்று இந்த மாவட்டம் கண்ணால் பார்த்திருக்கிறது.

அடுத்த கிழமை பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் ஆகப் பெரியவரிடம் போய், தெரிந்த மட்டும் முன்னோர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வா, எந்தத் தோட்டம், என்ன வேலை என்றும் எழுது என்று. சிலர் மூன்று பெயரோடு வந்தார்கள். ஒருத்தி பதினொன்றோடு வந்தாள். அவளுடைய அம்மாயிக்கு எழுதத் தெரியாது, ஆனால் ஆடி அமாவாசைக்குப் படைக்கும்போது இந்தப் பெயர்களைத்தான் வரிசையாகச் சொல்வாராம், அவருடைய அம்மா அப்படிச் சொல்லக் கேட்டதாம். பெயர்ச் சுருளைத் தேடி நான் இங்கிலாந்துக்குப் போயிருக்கத் தேவையில்லை. என் பாடசாலையில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போனால் அது ஒரு லயத்து அடுப்பங்கரையில் இருக்கிறது.

அதையெல்லாம் ஒரு பெரிய சீ.ஆர். கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். மதம், இனம் பார்க்கவில்லை. சிங்களப் பாடசாலையில் கற்பிக்கும் நண்பர் ஒருவரும் தன் கிராமத்துப் பெயர்களைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், 1818க்குப் பிறகு ஓடிப்போன குடும்பங்களின் பெயர்கள் சில அவருடைய ஊரில் வாய்வழியாக இருக்கிறதாம். கடைசியாக எண்ணியபோது 212 பெயர்.

உங்களிடம் பழைய செக்ரோல் துண்டு, ஞானஸ்நானச் சீட்டு, நிக்காஹ் பதிவு, துண்டுச் சீட்டு, கப்பல் பாஸ், கடைக் கணக்குப் புத்தகம், எதுவாக இருந்தாலும் தூக்கி எறியவேண்டாம். கறையான் அரித்த தாளாக இருந்தாலும் பரவாயில்லை. படம் எடுத்து உள்பெட்டியில் அனுப்புங்கள், மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தாள் இல்லாதவர்கள் பெயரையும் தோட்டத்தையும் கருத்துப் பகுதியில் எழுதினாலே போதும். எழுத்துப் பிழையைப்பற்றிக் கவலைப்படவேண்டாம், வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே எழுதுங்கள்.